இருபத்துநாலாவது பெயர்

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது வருடத்துக்கு முன் பேருந்து கவிழ்ந்த பாலத்தருகே நிற்க வேண்டிய வரலாற்றுப் பலகை, இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு வளைவில் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது! அதன் முன்னால் ஒருவன், தூறலில் நனைந்தபடி சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சாலையோரப் பலகைகளுக்கு வாசகம் எழுதுகிறவள் அவள். அவற்றை நடுகிற ஒப்பந்தக்காரன் அவன். மூன்று வருடமாகக் காகிதத்தில் மட்டுமே பழக்கம். நாற்பது பலகையில் ஒரு பிழைகூட இல்லை என்று அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

“பலகை இடம் மாறிப்போச்சு,” என்றாள்.

“மாறலை... மாத்தினேன்.”

ஏன் என்று கேட்டதற்கு, எழுத்து உங்களுடையது, குழி என்னுடையது என்று சிரித்தான். மழைத்துளி தொங்கும் இமைகள்... அவற்றுக்குள் குறும்புக் கண்கள்... சண்டை போட வந்த இடத்தில் இதையெல்லாம் யார் பார்க்கச் சொன்னது? தன்மேலேயே எரிச்சல் வந்தது. புகார் எழுதுவேன், ஒப்பந்தமே போய்விடும் என்று பொரிந்து தள்ளினாள். அவன் முகம் வாடியது. ஆனாலும், பாலத்தருகே மட்டும் நட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டான்.

மறுநாள் காலை, புகாரோடு இணைக்கப் படம் எடுப்பதற்காகப் பாலத்துக்குப் போனாள். மழை பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு அம்மா உள்ளே கூப்பிட்டுத் தலை துவட்டத் துண்டு கொடுத்தார். வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

“இருபத்துமூணு பேர் செத்தாங்கன்னு எழுதியிருக்கியேம்மா... இருபத்துநாலு. என் மூத்த பிள்ளை என் மடியில உக்காந்து வந்தான். மடியில இருக்கிற குழந்தைக்கு யாரு டிக்கெட் கொடுப்பாங்க?”

குழந்தையை ஆறு கொண்டுபோய்விட்டது. உடலும் இல்லை, டிக்கெட்டும் இல்லை... அதனால் எண்ணிக்கையிலும் இல்லை. அந்த எண்ணிக்கையை நம்பித்தான் அவள் எழுதியிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் அவன்... இது அவன் வீடு.

கதவைத் திறக்கும்போதெல்லாம் அம்மா கண்ணில் அந்த எண் படக்கூடாது என்றுதான் தள்ளி நட்டிருக்கிறான். ஆனால் அம்மாவோ போன வாரமே நடந்துபோய்ப் படித்துவிட்டாராம். அதைக் கேட்டு அவன் ஆடிப்போனான். மறைக்க வேண்டாம், திருத்தினால் போதும் என்றார் அம்மா.

அவள் அங்கிருந்தபடியே மேலதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தாள். தப்பு பலகை நட்டவர்மேல் இல்லை, என்மேல் என்று ஒப்புக்கொண்டாள். வெறும் எண் வேண்டாம், இறந்த அத்தனை பேருடைய பெயரும் வேண்டும், அந்தப் பிள்ளையின் பெயரும் சேர்த்து, பலகை இந்த வீட்டுக்கு எதிரில்தான் நிற்க வேண்டும் என்றாள். பெருமை போனது... போகட்டும்.

வாசலுக்கு வந்து, நேற்றே சொல்லியிருக்கலாமே என்று அவனிடம் கேட்டாள்.

“மூணு வருஷமா உங்க எழுத்தைத் தோள்ல சுமக்கிறேன். பார்த்த முதல் நாளே அழவைக்க மனசு வரலை...”

அவ்வளவுதான். அவளுக்குள் என்னவோ கரைந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு நின்றால் இந்த மழையோடு இதுவும் போய்விடும் என்று பயம் வந்தது.

“பலகை நட்ட பிறகும் நான் இங்க வரணும். விருந்தாளியா இல்லை... உங்களைப் பிடிச்சிருக்கு.”

அவன் கண்களில் இருந்த குறும்பெல்லாம் எங்கே போனதோ...

“உன்னைத்தான்டா சொல்றா,” என்றார் அம்மா உள்ளேயிருந்து. “பதில் சொல்லு.”

“எனக்கும்தான்...” அவளை நிமிர்ந்து பார்த்தான். “நேத்துலேர்ந்து இல்லை. உங்க முதல் பலகையைப் படிச்ச நாள்லேர்ந்து.”