இருநூற்று ஐம்பத்தாறாவது இணைப்பு

"ஐயோ...! ஃபோர்மேன் அண்ணே...!"

கதவைத் திறந்த பெண் தொழிலாளியின் அலறலில் மருந்துக் கிடங்கே அதிர்ந்தது.

இரண்டாம் நம்பர் குளிர் அறை. மைனஸ் இருபது டிகிரி!

கதவோரம் விறைத்துக் கிடந்தார் ஃபோர்மேன். புருவமெல்லாம் பனி. ஆள்காட்டி விரல் இன்னும் அபாய பட்டனின் மேல்...

அரை மணி நேரத்தில் கண்ட்ரோல் ரூமில் இன்ஸ்பெக்டர் கர்ஜித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள மாட்டினவன் பட்டனை அழுத்தினா, இங்க ஸ்கிரீன்ல சிவப்பு ஜன்னல் வரணும். ஏன் வரல?"

மானேஜர் விரலை நீட்டினார்.

"இவங்களைக் கேளுங்க சார். அந்த புரோகிராமை எழுதின புண்ணியவதி!"

புரோகிராமர் பல்லைக் கடித்தாள். எதைத் திறந்தாலும் கம்ப்யூட்டர் ஒரே பதிலைத்தான் துப்பியது. இடமில்லை!

"என் புரோகிராம் சரியாத்தான் இருக்கு சார். ஸ்கிரீனுக்குள்ள நுழையத்தான் முடியல!"

"புரியற மாதிரி சொல்லும்மா."

"ஸ்கிரீனை டிஸ்ப்ளே சர்வர்னு ஒண்ணு பார்த்துக்குது. எந்த புரோகிராமும் அதுகிட்ட ஒரு கனெக்‌ஷன் திறந்தாத்தான் படம் காட்ட முடியும். வேலை முடிஞ்சா மூடிடணும். மொத்தமே இருநூத்தி அம்பத்தாறு இடம்தான். திறந்துட்டு மூடாம விட்டா..."

"ஹவுஸ்ஃபுல்!"

"அதேதான்! இதைச் சரிபண்ணுங்கன்னு ஏழு தடவை எழுதிக் கொடுத்துட்டேன். செவிடன் காதுல ஊதின சங்கு!"

"மூடாம விட்டது யாரு?"

"மானேஜர் சாரோட டெம்பரேச்சர் கிராஃப் புரோகிராம்."

மானேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"மூட மறந்திருப்பேன்... சின்னத் தப்பு சார். மெயினை ஆஃப் பண்ணி ரூமை சீல் வெச்சிடுங்க. நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"மறந்தீங்களா?" புரோகிராமர் ஏற்கெனவே திறந்திருந்த ஜன்னலில் பதிவேட்டைக் காட்டினாள். "காலைல பத்து பத்துக்கு ஒரே நிமிஷத்துல இருநூத்தி அம்பது கனெக்‌ஷன்! மீதி ஆறுல எப்பவும் ஓடற புரோகிராம்கள் இருக்கு. யாராவது நிமிஷத்துக்கு இருநூத்தி அம்பது தடவை மறப்பாங்களா?"

"அப்ப நான் பல் டாக்டர்கிட்ட இருந்தேன்! மெஷினுக்குப் பைத்தியம் பிடிச்சா நான் என்ன பண்றது?"

இன்ஸ்பெக்டர் உதட்டைப் பிதுக்கினார். "சாட்சி இல்லாம கோர்ட்ல நிக்காதும்மா."

சே...! யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

எரிச்சலோடு கீபோர்டை இழுத்தாள். அடைத்துக்கொண்டிருந்த இருநூற்று ஐம்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

"ஐயையோ... தொடாதீங்க!" மானேஜர் பாய்ந்தார்.

தட்டிவிட்டாள். அந்த இணைப்பு மூடியது. ஓர் இடம் காலி!

ஒரு விநாடி... இரண்டு விநாடி...

வீ...ல்!

சைரன் அலற, திரை முழுக்கச் சிவப்பு!

நான்காம் அறை. உதவி!

"ப... பழசா இருக்கும்!" மானேஜருக்கு நாக்கு குழறியது.

"பழசு நிக்காது! இடம் இல்லைன்னா அப்பவே திரும்பிடும். இது இப்ப அழுத்தினது சார்... உள்ள ஆள் உயிரோட இருக்கு!"

ஓடினார்கள்.

நான்காம் அறையின் தாழ்ப்பாளை இன்ஸ்பெக்டர் இழுத்ததும், கிடங்கின் எலக்ட்ரீஷியன் அவர் மேலேயே சரிந்தார். உதடெல்லாம் நீலம். ஆனால் மூச்சு இருந்தது!

"எப்படிய்யா பொழைச்சே?"

"கு... குளிர் ஃபேன் வயரைப் பிடுங்கிட்டேன் சார்... ஃபோர்மேன் எங்க?"

புரோகிராமர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏழு கடிதத்தில் ஒன்றையாவது யாராவது படித்திருந்தால்...!

எலக்ட்ரீஷியனுக்குப் புரிந்துவிட்டது.

"காலாவதி மருந்துக்கு மானேஜர் புதுத் தேதி ஒட்டறதை நாங்க ரெண்டு பேரும் பார்த்துட்டோம் சார். தனித்தனியா கூப்பிட்டு... ஆளுக்கொரு ரூம்ல தள்ளிப் பூட்டிட்டாரு!"

மானேஜர் படிக்கட்டை நோக்கிப் பறந்தார். நாலே படி. கான்ஸ்டபிளின் கையில் காலர்!

விலங்கு மாட்டும்போது அழுதார்.

"சார்... என்னை எப்ப வெளிய விடுவீங்க?"

இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"நீ திறந்தா மூட மாட்டே... நாங்க மூடினா திறக்க மாட்டோம்!"