பூஜ்யம் எண் வாசல்

கட்டடத்தில் அவனைத் தவிர ஈ காக்கை இல்லாத ஞாயிற்றுக்கிழமை மதியம், யாரோ கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டவில்லை, கூப்பிடவில்லை. சர்வர் அறைத் திரையில் ஏழு நிமிடத்துக்கு ஒருதரம் லாக் என்கிற பதிவேட்டில் ஒரு வரி விழுந்தது, அவ்வளவுதான்: வாசல் பூஜ்யம், அனுமதி வேண்டும். அதன் கீழேயே பதில்: ஆளில்லை.

கட்டடத்தில் இருந்ததே நான்கு வாசல்கள். தெருப்பக்கம் இருப்பது ஒன்றாம் எண், மாடிப்படியில் இரண்டாம் எண், நடைகூடத்தில் மூன்றாம் எண், அவன் உட்கார்ந்திருந்த அறைக்கு நான்காம் எண். ஒவ்வொரு கதவிலும் ஒரு சிறு மின்பலகை. அது தன் எண் போட்ட யூஆர்எல்லை, அதாவது ஒரு முகவரியை, சர்வருக்கு அனுப்பி அனுமதி கேட்கும். அங்கே ஓடும் ஜாவா அப்ளிகேஷன் சரி என்றால் பூட்டு விலகி, பதிவுசெய்த பெண்குரல் ஒன்று ‘வாங்க, உள்ள வரலாம்’ என்று குழையும். அந்த அப்ளிகேஷனின் புதிய பதிப்பை ஏற்றத்தான் அவன் வந்திருந்தான்.

அலுவலகத்தில் அவனுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். அடுத்தவர் எழுதியதில் பாதியையாவது வெட்டி எறியாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

மேப்பிங் கோப்பைத் திறந்தான். எந்த முகவரி வந்தால் எந்த நிரல் பதில் சொல்ல வேண்டும் என்கிற பட்டியல். அதில் பூஜ்யம் எண் வாசலுக்கென்றே ஒரு தனி வரி. அது போய் நிற்கிற நிரல் செய்த ஒரே வேலை, ஆளில்லை என்று சொல்வது. எழுதியவள், அலுவலகத்தில் ஆமை என்று பெயரெடுத்தவள். பதினோரு வருடம் இங்கே குப்பை கொட்டிவிட்டு மூன்று மாதம் முன்பு வேலையை விட்டுப் போனவள். இல்லாத கதவுக்கு ஒரு காவல்காரனை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சும்மாவா சொன்னார்கள்.

வரியை வெட்டினான். ஆமையின் பட்டியல் முழுவதையும் வழித்தெடுத்து, வாசல் என்று தொடங்கும் எந்த முகவரியும் ஒரே நிரலுக்குப் போகும்படி அகலமாக ஒரே ஒரு வரி போட்டான். சோதனைக்காக அந்த நிரல் இன்றைக்கு எல்லோருக்கும் சரி என்றே சொல்லும். ஏற்றிவிட்டு, அவளிடம் சொல்லாவிட்டால் திருப்தி இருக்காதென்று போன் போட்டான்.

“உங்க பூஜ்யம் வாசலத் தூக்கிட்டேன். யாருக்குங்க அது? கொசுவுக்கா?”

மறுமுனையில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

“தம்பி, திரும்பப் போட்டுடு.”

“காரணம் சொல்லுங்க, போடறேன்.”

“காரணம் தெரிஞ்சிருந்தா நான் ஏன்பா வேலைய விடறேன்? கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஆளில்லன்னு சொன்னேன். போயிடுச்சு. மறுபடி வந்துச்சு. மறுபடி சொன்னேன். அவ்ளோதான் எனக்குத் தெரியும்.”

“இதுக்குத்தான் உங்களுக்குப் பதினோரு வருஷம் சம்பளம் குடுத்தாங்களா?”

சிரித்துக்கொண்டே வைத்தான். திரையில் வரி விழுந்தது. வாசல் பூஜ்யம், அனுமதி வேண்டும். பதில்: சரி.

ஒன்றும் ஆகவில்லை. குளிர்சாதனம் முனகியது, ரேக்குகளில் பச்சை விளக்குகள் மினுக்கின, கண்ணாடிக்கு வெளியே நடைகூடத்தில் மதிய வெயில் ஒரு நீளமான பட்டையாகக் கிடந்தது. கிணற்றைத் தூர்வாரும்போது வருமே, அப்படியொரு சேற்று வாடை மெல்ல ஏறியது. கழிவறைக் குழாய் அடைத்திருக்கும், அதையும் எவனாவது சோம்பேறி கவனிக்காமல் விட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டான்.

கீழே, வெகு தூரத்தில், பெண்குரல் குழைந்தது. ‘வாங்க, உள்ள வரலாம்.’

வாசல் ஒன்று. சரி.

வெளியே நிற்கும் காவலாளியாக இருக்கும். ஆனால் குரல் திரும்பவும் கேட்டது. திரும்பவும். ஒரு முறை சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது தொடங்கியது. வரவேற்பின் மேல் வரவேற்பு ஏறி வார்த்தைகள் குழைந்து வெறும் ஊளையாயின. லாகில் வரிகள் படிக்க முடியாத வேகத்தில் ஓடின. வாசல் ஒன்று. ஒன்று. ஒன்று. இரண்டு.

படிகளில் காலடிச் சத்தம் இல்லை. ஈரத்துணியை இழுப்பதுபோல் ஒன்று. அவசரமே இல்லாமல்.

வாசல் மூன்று.

ஆமையின் வரியைத் திரும்ப அடித்தான். அவசரத்தில் இரண்டு தரம் பிழை. வரி ஏற வேண்டுமானால் அப்ளிகேஷனை நிறுத்தித் தொடங்க வேண்டும். நிறுத்தினான். நிறுத்திய பிறகுதான் உறைத்தது: பதில் சொல்ல ஆளில்லாவிட்டால் நான்கு பூட்டும் தாமே விலகிவிடும். தீப்பிடித்தால் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று செய்த ஏற்பாடு.

முதுகுக்குப் பின்னால் க்ளிக் என்றது.

திரும்பினான்.

கண்ணாடிக்கு அப்பால் வரிசை. ஒருவர் பின் ஒருவராக, ஒழுங்காக, படி இறங்கிக் கண்ணுக்கு எட்டாத தூரம் வரை. எல்லாத் தலைகளும் ஈரம். முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலாக ஒவ்வொன்றும் எட்டி அறைக்குள் பார்த்தது. வெயில் பட்டை இருந்த இடத்தில் தண்ணீர்.

முதலில் நின்றது கதவைத் தள்ளி, வருகைச் சீட்டு வாங்க வந்த விருந்தாளியைப் போல மரியாதையாக அவன் முன் கையை நீட்டியது.

ஐந்து விரலும் ஒரே நீளமாக இருந்தன.