ஒன்பதைத் தேடிய விரல்கள்

"ஐயா, ஓடியாங்க! எங்க வீட்டுக்காரரைக் கட்டி வச்சுட்டாங்க!"

மூச்சிரைக்க வந்து நின்றாள் டீகே. அவள் கணவன் பிலேரோஸ் பச்சை அணியின் குதிரைக்காரன், அடிமை. ரோமின் தேர்த்திடலில் பந்தயம் தொடங்க இருந்த வேளையில், காலைத் தீனி தின்ற நீல அணிக் குதிரைகள் நுரை தள்ளிச் சாய்ந்துவிட்டன. எதிரணிக்காரன், அவன்தான் நஞ்சு வைத்திருப்பான் என்று பழி. சவுக்கடியில் உயிர் மிஞ்சாது.

முன்னாள் தீக்காவல் தலைவர் ஸ்கேவா எழுந்தார். உதவியாளன் ருஃபியோ அவருக்கு முன்னால் பாய்ந்தான்.

தீனிக் கிடங்கு இரவிலும் விடியலிலும் கும்மிருட்டு. வைக்கோல் பயத்தால் விளக்குக்கு அனுமதியில்லை. பெட்டி மூடிகளில் செதுக்கிய எண்ணை விரலால் தடவித்தான் எடுப்பார்கள். பச்சைக்கு ஒன்பது, நீலத்துக்குப் பதினொன்று, அதாவது XI. சோம்பேறித் தச்சன் ஒன்பதை VIIII என்று நீட்டாமல் IX என்று சுருக்கியிருந்தான்.

"இவனைத் தவிர யாருக்குய்யா லாபம்?" என்று கத்தினான் நீல அணி மேலாளன் கார்போ, அங்கியின் கறுத்த ஓரத்தைக் கசக்கியபடி.

"சாமி சத்தியமா அவங்க பெட்டியை நான் தொடலைங்க!" பிலேரோஸ் அழுதான்.

ஸ்கேவா பெட்டிகளுக்குப் பின்னால் போய்க் குனிந்தார். சுவரோரம் பார்லி சிந்திக் கிடந்தது. மேலே, நீல அணி லாயத்துக்குத் திறக்கும் ஜன்னல். அதன் கட்டையில் புதுத் தார், கலைந்திருந்தது.

"ருஃபியோ, இங்க சுவரோரமா நின்னு, கண்ணை மூடிக்கிட்டு ஒன்பதாம் பெட்டியைக் கண்டுபிடி."

ருஃபியோ தடவினான். ஒரு கோடு, அடுத்து குறுக்குவெட்டு. "இதோ, ஒன்பது!"

"கையை எடுக்காம, வாசப்பக்கமா சுத்திப் போய்ப் பாரு."

போய்ப் பார்த்தவன் அலறினான். "ஐயா! இது பதினொண்ணு!"

"பின்னாலேருந்து தடவினா XI தலைகீழாகி IX ஆயிடும். வாசல் வழியா வர்ற பிலேரோஸ் ஏமாற மாட்டான். ஜன்னல் வழியா இறங்கினவன்தான் ஏமாந்தான். அவன் தேடினது ஒன்பது, பச்சையோட பெட்டி."

ருஃபியோ பெட்டியை விட்டு நிமிர்ந்தான். "அப்ப பச்சைக் குதிரைக்கு வச்ச நஞ்சு... வச்சவன் நீலத்து ஆளு!"

"கார்போ, உன் அங்கியில அது தார்தானே?"

கார்போ வாசலை நோக்கித் திரும்பினான். அங்கே நின்றது, சாய்ந்த குதிரைகளை ஓட்டவிருந்த அவனுடைய தேரோட்டி. அவன் வழிவிடவில்லை.

கட்டவிழ்த்ததும் பிலேரோஸ் ஓடினான். எக்காளம் முழங்கிக்கொண்டிருந்தது.

"பொண்டாட்டி நிக்கிறேன், குதிரையைப் பார்க்க ஓடுது பாரு!" டீகே திட்டினாள், கண்ணீரைத் துடைத்துக்கொண்டே.