சிவப்பில் எழுதிய பெயர்

ஒரே ஒரு பெயருக்குத்தான் தேவதாஸ் சிவப்புப் பூசியிருந்தார். காலையில் வந்து பார்த்தால் இரண்டு பெயர்கள் சிவந்திருந்தன.

மலாக்காக் கடற்கரையில், சுதந்திர நாளுக்குள் முடித்தாக வேண்டிய மாலுமிகள் நினைவுத்தூண் அது. கடலோடு போன நாற்பது பேரின் பெயர்களை வெட்டிப் பொன்நிறம் பூசுவது அவர் வேலை. தொழில் கற்றது சீனர்களின் கல்லறைக் கடையில். அங்கே கணவன் மனைவி இருவர் பெயரையும் ஒரே கல்லில் வெட்டி, உயிரோடிருப்பவர் பெயருக்கு மட்டும் சிவப்பு அடிப்பார்கள்.

நேற்றுக் கமலவேணி வந்தாள். கப்பலில் போன அவள் கணவன் பதினைந்து வருடமாகத் திரும்பவில்லை.

"அண்ணே, அவரு செத்தத யாரும் பாக்கல. அவரு பேருக்கு மட்டும் செவப்பு அடிங்க."

அவள் கழுத்துத் தாலியைப் பார்த்து இளகி, அடித்துக் கொடுத்தார். வம்பை விலைக்கு வாங்கினார்.

இப்போது அதன் கீழே சிவந்திருந்த பெயர் சேதுபதி. அவருடைய தம்பி.

வழிந்திருக்கும் என்று துடைத்தார். மழைமேகம் கவிந்து, சேற்றுவாடை கரையேறி வந்த அந்த நீண்ட பிற்பகல் முழுக்க, பூசப் பூசப் பொன்னுக்கு அடியிலிருந்து சிவப்பு கசிந்துகொண்டே இருந்தது. நிற்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் தூணையே சுற்றி வந்தார்.

தம்பி செத்தது அவருக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியும். போர்க்காலத்தில் அண்ணனும் தம்பியும் வேலை பார்த்த கப்பல் குண்டு விழுந்து மூழ்கியபோது சிறுபடகில் இடமில்லை. விளிம்பைப் பிடித்த அவன் வலக்கையைத் துடுப்பால் அடித்தவர் அவர்தான். மூன்று விரல்கள் முறிந்தன. படகு கவிழ்ந்ததாக வீட்டில் சொன்னார்.

பெயரையே கொத்தி எறிய உளியை வைத்தார். கல் வெதுவெதுப்பாக இருந்தது. பயந்துபோய் சைக்கிளை எடுத்தார்.

வீடிருக்கும் காஜா பெராங் வரை மழை. சாலையோரச் சாக்கடைத் தண்ணீர் அவரை முந்திக்கொண்டு, மேட்டை நோக்கி ஓடியது.

வீட்டில் மனைவி மல்லிகா விளக்கேற்றியிருந்தாள். மேசையில் ஒரு தட்டு அதிகம்.

"ஏங்க, உங்க தம்பி வந்திருக்காரு. கடல்ல போயிட்டாருன்னு சொன்னீங்களே, பொழச்சிட்டாருங்க. கெணத்தடியில கால் கழுவுறாரு."

பின்பக்கம் தண்ணீர் கொட்டும் சத்தம். ஓயவில்லை. உப்பு வாடை.

"உள்ள கூப்புட்டேன். அண்ணன் கை குடுத்தாத்தான் ஏறுவேங்கிறாரு."

சத்தம் நின்றது.

பின்வாசல் நிலையை ஒரு வலக்கை பற்றியது. ஈரம். ஊறி வெளுத்த தோல். மூன்று விரல்கள் புறங்கைப் பக்கமாக மடிந்து கிடந்தன.

மற்ற இரண்டும் பிடியை விடவில்லை.