பாதி சரி... மீதி கொலை!

போன் அலறியது!

டாக்டர் எடுக்கவில்லை.

கையில் பேனாவோடு, தானே தயாரித்த கேள்வித்தாளை முறைத்துக்கொண்டிருந்தார்.

'முடிவெடுக்கத் தயங்குகிறவரா நீங்கள்? ஆம் அல்லது இல்லை என்று குறிக்கவும்.'

காலையிலிருந்து அந்த ஒரு கேள்வியிலேயே நிற்கிறார்!

மனிதர்களின் ஆளுமையை அளந்து சொல்வது அவர் தொழில். யார் கலகலப்பு, யார் சிடுமூஞ்சி, யாரை நம்பலாம்... எல்லாவற்றுக்கும் ஒரு டெஸ்ட் வைத்திருந்தார். டெஸ்ட் முடிந்ததும் கையெழுத்துப் போட்டு ஒரு சான்றிதழும் கொடுப்பார். வீட்டின் முன்னறைதான் கிளினிக். வாசலில் பெரிய போர்டு. உள்ளே காலி நாற்காலிகள். அந்தத் தெருவில் அவருக்கு 'கேள்வித்தாள்' என்று பட்டப்பெயர்.

"அந்த போனை எடுங்களேன்!" சமையலறையிலிருந்து மனைவியின் குரல் சீறி வந்தது. "அதுக்கும் டெஸ்ட் வெச்சுத்தான் எடுப்பீங்களா?"

எடுத்தார்.

"டாக்டர், இன்ஸ்பெக்டர் பேசறேன்." விறைப்பான பெண் குரல். "ஒரு கொலை! உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"செத்தவரைப் பார்த்து நான் என்ன மேடம் பண்றது?"

"நீங்க பாக்க வேண்டியது சாகாதவரை!"

*

ஆஸ்பத்திரி வராந்தாவில் இன்ஸ்பெக்டர் நடந்தார். டாக்டர் ஓடினார். அப்போதும் இரண்டடி பின்னால்தான் இருந்தார்.

"மூக்குக்கண்ணாடிக் கடை. ரெண்டு பார்ட்னர். ஊருக்குப் புதுசு. நேத்து காலையில கடையோட பின்னறையில ரெண்டு பேரும் ரத்த வெள்ளத்துல கிடந்தாங்க. இரும்புக் கம்பியால மண்டையில அடி. ஒருத்தர் அங்கேயே காலி. இன்னொருத்தர் பொழச்சுட்டார்."

"நல்லதாப் போச்சே! அவரையே கேட்டா..."

"கேட்டேன். 'நான் யாரு?'ன்னு என்னையே திருப்பிக் கேட்டார்!"

டாக்டரின் கண்கள் பளபளத்தன. "ஞாபகம் போயிடுச்சா?"

"அப்படித்தான் சொல்றார். பார்ட்னரைப் போட்டுத் தள்ளிட்டு நாடகம் ஆடறாரோன்னு எனக்கு சந்தேகம். நிஜமா, நடிப்பான்னு நீங்க சொல்லணும். நிஜம்னா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன். அவர் மனைவி கூட்டிட்டுப் போகத் துடிக்கறாங்க. நடிப்புன்னா... லாக்கப்!"

"செத்தவரோட குடும்பம்?"

"மனைவி மட்டும்தான். தகவல் சொல்லலாம்னா போன் ஸ்விட்ச் ஆஃப். தேடிக்கிட்டிருக்கோம்."

அறைக்குள் நுழைந்தார்கள்.

கட்டிலில், தலை முழுக்கக் கட்டோடு ஒரு மனிதர். வெறித்த பார்வை. பக்கத்தில் கையில் சூப் கிண்ணத்தோடு அவர் மனைவி. அழுது வீங்கிய கண்கள்.

"வாயத் திறங்க... இன்னும் ஒரே ஒரு ஸ்பூன்..." டாக்டரைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பினாள். "எங்க வீட்டுக்காரரைக் காப்பாத்துங்க டாக்டர்! என்னையே யாருன்னு கேக்கறார்!"

டாக்டர் உருகிப்போனார். மனதுக்குள் மார்க் போட்டார். அன்பு... நூற்றுக்கு நூறு. பொறுமை... நூற்றுக்கு நூறு. நேர்மை? அதுதான் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறதே!

"கவலைப்படாதீங்கம்மா. நான் வந்துட்டேன்ல!"

மனித மனதை அளக்கப் பல வழிகள். ஒவ்வொரு வழிக்கும் ஒரு கூட்டம். கூட்டங்களுக்குள் ஓயாத சண்டை. டாக்டர் யாரையும் பகைத்துக்கொண்டதில்லை. எல்லா வழியிலும் போவார். எல்லா இடத்திலும் முட்டிக்கொள்வார்!

முதலில் ஆழ்மனம்.

"கண்ணை மூடுங்க..." குரலைக் குழைத்தார். "மெதுவா சின்ன வயசுக்குப் போங்க... மனசுல என்ன தோணுதோ அப்படியே சொல்லுங்க..."

அறை அமைதியானது.

கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம்.

இன்ஸ்பெக்டர் தோளைத் தட்டி எழுப்பினார்... டாக்டரை!

அடுத்து குணங்கள். கேள்வித்தாள் வெளியே வந்தது.

"நீங்க கோபக்காரரா?"

"தெரியலையே சார்."

"கூட்டம்னா பிடிக்குமா, தனிமை பிடிக்குமா?"

"நான் யாருன்னே தெரியல. எனக்கு எது பிடிக்கும்னு எப்படி சார் தெரியும்?"

நியாயமான கேள்வி. கேள்வித்தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

மூன்றாவது, பழக்கம். "ஞாபகம் போகலாம் மேடம், கை மறக்காது!" டாக்டர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். கட்டுப்போட்ட மனிதர் அதை வாங்கி, சட்டை நுனியால் துடைத்து, லூசாக ஆடிய திருகை நகத்தாலேயே முடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"பாத்தீங்களா!" டாக்டர் துள்ளினார். "இவர் கண்ணாடிக் கடைக்காரர்!"

"அதை நான்தானே டாக்டர் உங்களுக்குச் சொன்னேன்?"

டாக்டர் இன்ஸ்பெக்டரை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். கடைசி அஸ்திரம்!

"இவர் வீட்டை உங்க ஆளுங்களை விட்டு போட்டோ எடுக்கச் சொல்லுங்க. கதவு, சமையலறை, அலமாரி, போர்வை... எல்லாம். ஒவ்வொண்ணுக்கும் ஜோடியா வேற வீட்டு போட்டோ ஒண்ணு. ரெண்டுல எது உங்களோடதுன்னு கேப்பேன்."

"கேட்டா?"

"நிஜமாவே ஞாபகம் இல்லாதவன் குருட்டாம்போக்குல கை வெப்பான். பாதி சரியா வரும், பாதி தப்பா வரும். நடிக்கறவன் சரியான பதிலைப் பார்த்துப் பார்த்து ஒதுக்குவான். எல்லாமே தப்பா வரும். எல்லாத்தையும் தப்பா சொல்லணும்னா... எல்லாம் தெரிஞ்சிருக்கணும் மேடம்!"

இன்ஸ்பெக்டர் முதல் முறையாக அவரை மரியாதையோடு பார்த்தார். "வேற வீட்டு போட்டோவுக்கு எங்க போறது?"

டாக்டர் போனை எடுத்தார்.

"ஏம்மா, நம்ம சமையலறையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன். ஒரு கொலைகாரனுக்குக் காட்டணும்."

"பாத்திரம் கழுவாம கிடக்குங்க! கொலைகாரன் என்ன நினைப்பான்?"

*

படங்கள் வந்தன. மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எது உங்க வீட்டுக் கதவு?"

கட்டுப்போட்ட மனிதர் டாக்டர் வீட்டுக் கதவைக் காட்டினார்.

"எது உங்க அலமாரி?"

டாக்டர் வீட்டு அலமாரி!

போர்வை, நாற்காலி, சமையலறை, செருப்பு... ஒவ்வொன்றிலும் டாக்டரின் குடும்பச் சொத்தையே தன்னுடையது என்றார். ஒன்றுகூட சரியில்லை!

கடைசி ஜோடி. இரண்டு சிறுமிகள். ஒருத்தி அவருடைய மகள். இன்னொருத்தி டாக்டரின் மச்சான் மகள்.

"எது உங்க பொண்ணு?"

விரல் நீண்டது. நடுங்கியது. மகளின் முகத்துக்கு மேல் ஒரு கணம் நின்றது...

நகர்ந்துவிட்டது.

"இந்தப் பொண்ணு."

வெளியே வந்ததும் டாக்டர் குதித்தார். "நடிப்பு! வடிகட்டின நடிப்பு! கடைசியில விரல் நடுங்கிச்சே, பாத்தீங்களா? குற்ற உணர்ச்சி!"

"அப்ப தூக்கிடவா?"

"ஒரு நிமிஷம். கோர்ட்ல கேப்பாங்க. எல்லாம் தெரிஞ்ச ஒருத்தருக்கும் இதே டெஸ்ட் வெச்சுக் காட்டிடலாம். அந்தம்மாவைக் கூப்பிடுங்க. அடிச்சுச் சொல்றேன், எல்லாத்தையும் சரியா சொல்லுவாங்க!"

மனைவி வந்தாள். "எதுக்கு டாக்டர்... எனக்கு மனசே சரியில்ல..." என்று இழுத்தாள். பிறகு, மாட்டேன் என்றால் நன்றாக இருக்காது என்று நினைத்தாளோ என்னவோ, படபடவென்று காட்ட ஆரம்பித்தாள்.

கதவு... சரி.

அலமாரி... தப்பு!

மகள்... சரி.

"இதுதான் டாக்டர் எங்க சமையலறை. அவருக்கு அடிபட்டிருச்சுன்னு கேட்டதும் பாத்திரத்தைக்கூடக் கழுவாம ஓடி வந்தேன்!"

டாக்டரின் மனைவி போட்டுவைத்த பாத்திரங்கள் படத்தில் பல்லை இளித்தன.

எண்ணிப் பார்த்தால், பாதி சரி... பாதி தப்பு!

அவள் போனதும் டாக்டர் நாற்காலியில் சரிந்தார். "டெஸ்ட் ஊத்திக்கிச்சு மேடம். சொந்த வீட்டுக்காரங்களே தேறலைன்னா இது என்ன டெஸ்ட்? என் பொண்டாட்டி அப்பவே சொன்னா, கிளினிக்கை மூடிட்டு ஜெராக்ஸ் கடை வைங்கன்னு..."

எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினார்.

'தெரிஞ்சவங்க எல்லாத்தையும் சரியா சொல்லுவாங்க. தெரிஞ்சும் மறைக்கறவங்க எல்லாத்தையும் தப்பா சொல்லுவாங்க. பாதிக்குப் பாதி சொல்றவங்க...'

தண்ணீர் கையிலிருந்து ஒழுகியது.

'...தெரியாதவங்க!'

அவருடைய டெஸ்ட் வாழ்க்கையிலேயே முதல் முறையாக வேலை செய்திருக்கிறது. நம்பாத ஒரே ஆள்... அவர்தான்!

ஈர முகத்தோடு ஓடினார். "மேடம்! அந்தம்மா அந்த வீட்டுல வாழ்ந்ததே இல்ல! அவர் மனைவியே இல்ல! ஏதாவது அடையாள அட்டை கேட்டீங்களா?"

இன்ஸ்பெக்டரின் முகம் வெளுத்தது. "அழுதுக்கிட்டே ஓடி வந்தாங்க டாக்டர்..."

அழுதுகொண்டு வருகிறவர்களிடம் யார் அடையாளம் கேட்கிறார்கள்?

"நீங்க கேக்காமதான் விட்டீங்க. நான் மார்க்கே போட்டேன்!"

"அப்ப அது யாரு?"

கேட்டு முடிப்பதற்குள் இன்ஸ்பெக்டருக்கே பதில் தட்டுப்பட்டது.

"ஸ்விட்ச் ஆஃப்!" இன்ஸ்பெக்டரின் குரல் கிசுகிசுத்தது. "செத்தவரோட மனைவி! புருஷனைக் கொன்னுட்டு, பார்த்த சாட்சியையும் அடிச்சுப் போட்டா. சாட்சி பொழச்சுட்டான்னதும்... பொண்டாட்டின்னு சொல்லிக் கூட்டிட்டுப் போய் முடிக்கப் பாக்கறா! ஆனா இவர் ஏன் வாயத் திறக்கல? வாசல்லயே போலீஸ் நிக்குதே?"

டாக்டருக்கு அந்த விரல் ஞாபகம் வந்தது.

"அது குற்ற உணர்ச்சி இல்ல மேடம். பயம்! அவர் பொண்ணு எங்க?"

"தம்பி வீட்டுல விட்டிருக்கறதா அந்தம்மாதான்..."

பாதி வாக்கியத்திலேயே இன்ஸ்பெக்டர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப அரெஸ்ட் பண்ணினா தம்பிக்காரன் குழந்தையை ஏதாவது பண்ணிடுவான்." இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். "அவளே அங்க போகட்டும். பின்னாலயே நாங்க வர்றோம். நீங்க உள்ள போய், ஞாபகம் போனது நிஜம்னு சாதாரணமா சொல்லி அனுப்பி வைங்க."

"சாதாரணமான்னா... எப்படி மேடம்?"

*

"உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போகலாம்மா," என்றார் டாக்டர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"உங்களுக்கு ஏன் டாக்டர் இப்படி வேர்க்குது?"

"பிரஷர்ம்மா... குடும்பத்துல எல்லாருக்கும் உண்டு..."

அவள் அவரையே உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அப்ப நீங்களும் கூட வாங்க டாக்டர். வழியில அவருக்கு மயக்கம் வந்தா நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்?"

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கட்டுப்போட்ட மனிதரின் கண்கள் குறுக்கே வந்தன.

"வர்றேன்மா."

டாக்சி கிளம்பியது. டிரைவர் மப்டியில் இருந்த போலீஸ்காரர். அது தெரிந்தும் டாக்டர் சீட் பெல்ட்டை இரண்டு முறை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டார்.

ஊர் எல்லை. தனி வீடு. வாசலில் ஒரு முரட்டு ஆள். அவன் பிடியில்... அந்தச் சிறுமி!

"அப்பா!"

அவ்வளவுதான். எதுவுமே ஞாபகமில்லாத மனிதர் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். "கண்ணம்மா!" என்று வாய்விட்டு அலறினார்!

பின்னாலேயே இறங்கிய போலி மனைவியின் கைப்பையிலிருந்து கத்தி வெளியே வந்தது.

டாக்டர் ஒரே முடிவுதான் எடுத்தார். ஓடிவிடுவது! தயக்கமே இல்லாமல் பாய்ந்தார். சீட் பெல்ட் காலில் சுற்றியது... தடுமாறி, முழு எடையோடு அவள் முதுகிலேயே விழுந்தார்! கத்தி பறந்தது. அவள் கீழே. டாக்டர் மேலே. டிரைவர் முரட்டு ஆளின் கழுத்தைப் பிடித்தார். ஜீப் சீறிக்கொண்டு வந்து நின்றது.

"என்ன துணிச்சல் டாக்டர்!" இன்ஸ்பெக்டர் அசந்துபோனார்.

டாக்டர் மறுக்கவில்லை.

கட்டுப்போட்ட மனிதர் மகளை இறுக்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"என் மனைவி செத்து வருஷக்கணக்காச்சு சார். என் பார்ட்னர் அந்தப் பொம்பளையை விவாகரத்து பண்ணிட்டு, கடையை முழுசா என் பேருக்கு எழுதறேன்னார். அதுல அவளுக்கு வந்த வெறி. நான் கண் முழிச்சப்ப காதுக்குள்ள சொன்னா... 'உன் பொண்ணு என் தம்பிகிட்ட இருக்கா'ன்னு. எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லைன்னாதான் இவ உயிரோட இருப்பான்னு தோணுச்சு." மகளின் தலையில் முகத்தைப் புதைத்தார். "அடி வாங்கினதுகூட வலிக்கல சார். இவ போட்டோவைப் பார்த்து இது என் பொண்ணு இல்லைன்னு காட்டினேனே..."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டரும் திரும்பிக்கொண்டார். கண்ணாடி துடைக்க வேண்டியிருந்தது.

*

ஒரு மாதம் கழித்து, இன்ஸ்பெக்டரின் போன் அலறியது.

"மேடம்! எனக்கு கோர்ட்ல இருந்து சம்மன் வந்திருக்கு!" டாக்டர் பதறினார்.

"வரத்தானே செய்யும்? நீங்கதானே நம்ம முக்கியமான சாட்சி!"

"நம்ம சாட்சி இல்ல மேடம்... அவங்க சாட்சி! அன்னிக்கு ஆஸ்பத்திரியில பழக்க தோஷத்துல அந்தம்மாவுக்கு ஒரு ஆளுமைச் சான்றிதழ் எழுதி, கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டேன். 'அன்பே உருவானவர். எறும்பைக்கூட மிதிக்க மாட்டார்'னு! அவங்க வக்கீல் அதைத்தான் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறார். நான் கூண்டுல ஏறி என்ன மேடம் சொல்றது?"

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ஞாபகம் இல்லைன்னு சொல்லிடுங்க டாக்டர். ஆனா தயவுசெஞ்சு... பாதி கேள்விக்காவது சரியா பதில் சொல்லுங்க!"