நாற்பத்தோராவது மறுப்பு

ரவுட்டரை அணைத்து மறுபடியும் போட்டபோது அது காட்டிய தேதி ஜூன் பதினான்கு. மணி மட்டும் சரியாக இருந்தது. மதியம் இரண்டு ஒன்பது.

காவேரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அல்லது எடுத்துக்கொள்ளாதவள் போல உட்கார்ந்திருந்தாள். இந்தப் பெட்டிகளுக்குள் கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி கிடையாது. இணையம் வந்து சரியான நேரத்தைச் சொல்லிக்கொடுக்கும்வரை ஏதாவது ஒரு பழைய தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அக்டோபரில் வரும் ஆயுத பூஜை நாளை அது ஜனவரி என்று சொன்னாலும் ஜூன் என்று சொன்னாலும் ஒன்றுதான். ஆனால் வருஷத்துக்கு முன்னூற்று அறுபத்தைந்து நாள் இருக்க, அந்த ஒரு நாள்தானா அதற்குக் கிடைத்தது?

பர்கூரைத் தாண்டிக் கிருஷ்ணகிரி போகும் வழியில், நெடுஞ்சாலையை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் புழுதியில் போனால், கைவிட்ட கல் குவாரிக் குழிக்குள் இருக்கிறது அந்த கிரானைட் பாலிஷ் கம்பெனி. மூன்று பக்கமும் வெட்டிய பாறைச் சுவர் என்பதால் செல்போன் டவர் எட்டாது. வீட்டுக்குப் பேச வேண்டுமானாலும் ஆபத்துக்கு ஆளைக் கூப்பிட வேண்டுமானாலும் வைஃபை வழியாகத்தான் பேச வேண்டும். அந்த வைஃபையைக் கட்டி ஆள்பவள் காவேரி. சாமல்பட்டிக்காரி, டிப்ளமோ படித்தவள், எடுத்த வேலையை விடமாட்டாள். ரவுட்டரோடு வந்த மென்பொருளைத் துடைத்தெறிந்துவிட்டு, ஓப்பன் சோர்ஸ் ஒன்றைத் தானே தேடி ஏற்றியிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பழையது எதையும் வாய் திறந்து சொல்லாது. இதற்கு ஒளிவுமறைவு தெரியாது. எந்தப் போன் இணைப்புக் கேட்டது, எது உள்ளே வந்தது, எது விரட்டப்பட்டது, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று எல்லாவற்றையும் லாக் என்னும் பதிவேட்டில் வரிவரியாக எழுதிவிடும்.

ஒரு வாரமாக எல்லோருடைய இணைப்பும் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அறுந்துகொண்டிருந்தது. நாளை விஜயதசமி காலையில், வெளிநாட்டில் இருக்கும் ஒரு வியாபாரி வீடியோவில் கல்லைப் பார்க்கப் போகிறார். எப்படியாவது சரிசெய்து வை என்று ஓசூரிலிருந்து முதலாளி சொல்லியிருந்தார். பூஜை முடிந்து, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள். வாட்ச்மேன் முனிவேல் மட்டும் கதவோரம் தயங்கி நின்றார்.

"பூஜை போட்டத இன்னிக்குத் தொடக் கூடாது பாப்பா. காலைல மறுபூஜை ஆவட்டும்."

"இது மெஷின் இல்லண்ணா. வைஃபை பெட்டி."

"அதுக்குந்தான் நான் சந்தனம் வெச்சிருக்கேன்."

வைத்துத்தான் இருந்தார். ரவுட்டரின் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம், தலையில் ஒரு செவ்வந்திப் பூ. காவேரி சிரித்தாள். கேட்டைச் சாத்திக்கொண்டு பர்கூர் வரை போய்வருவதாகவும், ஐந்து மணிக்குத் திரும்பிவிடுவதாகவும் சொல்லி அவர் கிளம்பினார். வண்டிச் சத்தம் பாறையில் மோதி மோதித் தேய்ந்து, பிறகு கேட்கவில்லை.

அதன்பின் அவ்வளவு பெரிய இடத்தில் ஒலி என்று எதுவும் இல்லை. நாள் முழுக்கக் கல்லை அறுக்கும் வாள்கள் வாழையிலை கட்டிக்கொண்டு சும்மா நின்றன. அணைந்த கற்பூரத்தின் வாடை, கேட்டில் உடைத்த பூசணிக்காயின் பச்சை வாடை, இரண்டுக்கும் அடியில் எப்போதும் இருக்கும் ஈரக் கல்மாவின், அறுத்த கல்லின் மாவின், வாடை. மழை மேகம் குழியின் வாய்க்கு மூடி போட்டதுபோல வந்து நின்றது. தகரத்தால் ஆன ஆபீஸ் அறைக்குள், லேப்டாப்பை ஒயரில் ரவுட்டரோடு மாட்டிக்கொண்டு, அவள் லாக்கைத் திறந்தாள்.

முதல் வரி இரண்டு பத்துக்கு விழுந்தது.

*மறுக்கப்பட்டது: கரியப்பன், தொட்டி. சிக்னல் −89.*

அவள் கை மவுஸ் மேலேயே நின்றது. அந்தப் பெயரையும், பக்கத்தில் வேலை பார்க்கும் இடத்தையும் பட்டியலில் எழுதியது அவள்தான்.

ஜூன் முதல் வாரத்தில், லேபர்கள் படம் பார்ப்பதால் ஆபீஸில் நெட் வரவில்லை என்று முதலாளி கத்த, இருபத்தாறு பேருடைய போன்களைத் தடைப் பட்டியலில் போட்டாள். யாருக்கு வீட்டிலிருந்து என்ன போன் வரும், குழிக்குள் ஒருவனுக்கு ஏதாவது ஆனால் எப்படிக் கூப்பிடுவான் என்று அவளும் யோசிக்கவில்லை, சொன்னவரும் யோசிக்கவில்லை. பதினான்காம் தேதி, கல் அறுத்த தண்ணீரும் மாவும் சேர்ந்து நிற்கும் சேற்றுத் தொட்டியில் பம்பைச் சரிசெய்யத் தனியாகப் போனார் கரியப்பன். மாலை ஐந்து மணிக்கு அவரைக் குச்சியால் தேடி எடுத்தார்கள். போன் கிடைக்கவில்லை. குடித்திருப்பான், விழுந்ததுமே உயிர் போயிருக்கும் என்றார்கள். எல்லோரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது காவேரி மட்டும் ஆபீஸுக்கு வந்து லாக்கைப் பார்த்தாள். இரண்டு பத்திலிருந்து நான்கு ஐம்பத்தொன்று வரை அந்த ஒரே போன். நாற்பத்தொரு தடவை கேட்டிருந்தது. நாற்பத்தொரு தடவையும் மறுக்கப்பட்டிருந்தது.

இந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரத்தைப் பிடுங்கினால் லாக் மொத்தமும் அழிந்துபோகும். அவள் பிடுங்கினாள்.

மூன்றாம் நாள் அவருடைய மனைவி சென்னம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எங்கூட்டுக்காரரு எதுனா ஒண்ணுன்னா ஒடனே போன் பண்றவரு பாப்பா. உனுக்குத் தெரியுமில்ல, பண்ணலியா?"

"இல்லக்கா. எதுவும் வரல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மறைத்துவிடலாம். ஆனால் அந்தச் சோற்றைத் தினமும் தின்ன வேண்டுமே. மற்ற இருபத்தைந்து பெயர்களையும் மறுநாளே அவள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள். கரியப்பன் பெயரைத் தொடக் கை வரவில்லை. நான்கு மாதமாகத் தடைப் பட்டியலில் அந்த ஒரு பெயர் மட்டுமே இருந்தது.

இரண்டு பதினான்கு. *மறுக்கப்பட்டது.*

இரண்டு பதினேழு. *மறுக்கப்பட்டது.*

ஒவ்வொரு வரி விழும்போதும் அவளுடைய போனில் வைஃபை அறுந்து திரும்ப வந்தது. கோளாறு இதுதான். ஒரு வாரமாக எல்லோரையும் வெளியே தள்ளிக்கொண்டிருப்பது இந்த ஒரு போனின் ஓயாத தட்டல்தான். கண்டுபிடித்ததில் அவளுக்குத் துளி சந்தோஷமும் இல்லை.

யாராவது அந்தப் போனை எடுத்து வைத்திருப்பார்கள், சார்ஜ் போட்டிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். யாருமில்லாத குழியில் யார்? சேனலை மாற்றினாள். வந்தது. ஒலிபரப்பும் பலத்தைக் குறைத்து, மேஜையைத் தாண்டி எட்டாதபடி வைத்தாள். அப்போதும் வந்தது. ஆன்டெனாக்களைத் திருகிக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று இரண்டு, மூன்று ஆறு, மூன்று பதினொன்று. இந்த நேரங்கள் அவளுக்கு மனப்பாடம். நான்கு மாதம் தூங்கப் போகும்போதெல்லாம் எண்ணியவை. அன்றைக்கு நடந்த அதே வரிசையில், நிமிஷம் பிசகாமல், எல்லாம் இப்போது மறுபடி நடந்துகொண்டிருந்தன.

சிக்னல் எண்ணைப் படிப்பது எளிது, முன்னால் இருக்கும் கழித்தல் குறியை விட்டுவிட வேண்டும். மேஜை மேல் இருக்கும் அவளுடைய போன் முப்பது காட்டும். கல் அறுக்கும் ஷெட்டில் நின்றால் அறுபது. குழியின் கோடியில் சேற்றுத் தொட்டி, எண்பத்தொன்பது. எண் சிறுக்கச் சிறுக்க ஆள் கிட்டத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். அந்த எண் மட்டும் அசையவே இல்லை. இரண்டரை மணி நேரமும் எண்பத்தொன்பது. இருந்த இடத்திலேயே இருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

நான்கு நாற்பத்தேழு. நாற்பதாவது வரி.

அவள் அழுதுகொண்டிருந்தாள். பயம்தான், ஆனால் பயம் மட்டுமில்லை. இன்னும் நான்கு நிமிஷம் இருக்கிறது. அன்றைக்கு நான்கு ஐம்பத்தொன்றுக்குப் பிறகு வரியே இல்லை. இந்த ஒரு தடவையாவது விட்டால் என்ன? அந்த மனிதர் கேட்டது ஒரு இணைப்புதானே. தடைப் பட்டியலைத் திறந்தாள். கரியப்பன், தொட்டி. பெயருக்கு எதிரே நீக்கு என்று ஒரு சின்ன பொத்தான். அழுத்தினாள். சேமித்தாள். மழையின் முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன.

நான்கு ஐம்பத்தொன்று.

*இணைந்தது: கரியப்பன், தொட்டி.*

அவளுடைய போன் அடித்தது. திரையில் அவர் பெயர். எடுத்தாள்.

முதலில் பம்பு ஓடும் சத்தம். அதற்குள்ளே கொழகொழவென்று ஏதோ ஏறி இறங்கும் சத்தம். பிறகு குரல், வீட்டில் அவர் பேசும் கன்னடத்தில், யாராவது இருக்கிறீர்களா என்று. "யாராத்ரூ இதீரா?"

"அண்ணா."

"பாப்பாவா?" குரலில் அவ்வளவு நிம்மதி. "ஒரு கயிறு போடச் சொல்லுங்க பாப்பா. காலு எட்டல. கழுத்து வரைக்கும் வந்துட்டுது."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் குரல் தொடர்ந்தது.

"ஆள் வர்ற வரைக்கும் நீங்க லைன்ல இருந்தாப் போதும். வெச்சிடாதீங்க பாப்பா."

அப்போது அவள் திரையைப் பார்த்தாள். −89 இல்லை. −81.

−74.

மழையில் யாரும் ஓடிவரும் சத்தம் கேட்கவில்லை. −66. ஷெட். வாழையிலை ஒன்று எங்கோ சரசரத்தது.

"வெச்சிடாதீங்க," என்றது குரல், இன்னும் கொஞ்சம் கிட்டத்தில்.

−58.

அவள் வைத்துவிட்டாள். எழுந்தாள். அன்றைக்குச் செய்ததையே செய்தாள். சுவரிலிருந்து ரவுட்டரின் ஒயரைப் பிடுங்கினாள்.

லேப்டாப்பில் வரிகள் நிற்கவில்லை. ரவுட்டரின் பச்சை விளக்கு அணையவில்லை. பிடுங்கிய பிளக் அவள் கையில் இருந்தது.

−47.

கதவைத் தள்ளினாள். வெளியிலிருந்து கனமாக ஏதோ சாய்ந்திருந்தது. அசையவில்லை. முனிவேலைக் கூப்பிடப் போனை எடுத்தாள். வைஃபை இல்லை. அழுத்தினாள். இல்லை. பின்னால் லேப்டாப்பில் ஒரு புது வரி.

*மறுக்கப்பட்டது: காவேரி, ஆபீஸ்.*

மறுபடி அழுத்தினாள்.

*மறுக்கப்பட்டது: காவேரி, ஆபீஸ்.*

கதவின் அடியிலிருந்து சாம்பல் நிறச் சேறு உள்ளே வந்தது. சத்தமில்லாமல். அவசரமில்லாமல். செருப்பைத் தொட்டது. குளிர்ந்தது.

−30. மேஜை.

மூன்றாவது மறுப்பு. நான்கு. ஐந்து. அவள் விரல் அழுத்திக்கொண்டே இருந்தது. சேறு கணுக்கால் வரை.

−12.

ஈரக் கல்மாவின் வாடை. அறை முழுக்க.

−1.

ரவுட்டரின் மேலிருந்த செவ்வந்திப் பூ நழுவிச் சேற்றில் விழுந்தது. முனிவேல் வைத்த சந்தனத்தின் மேல், குங்குமத்தின் மேல், இடமிருந்து வலமாக, மூன்று விரல் அகலத்துக்கு, திருநீற்றுப் பட்டை போல, ஈரச் சாம்பல் கோடு ஒன்று மெல்ல விழுந்துகொண்டிருந்தது.