நடுவில் மட்டும் மொட்டை

அன்று செல்வமேரியை முதலில் தூக்கிவாரிப்போட்டது, முதலாளி அவளுடைய அப்பாவை 'நீ' என்று சொன்னதுதான்.

முதலாளி அப்புசாமி அப்படிப் பேசுகிறவரே இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பெரிய பஞ்சு மண்டி வைத்திருந்தார். மூட்டை தூக்குகிறவரைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் சொல்லுவார். செல்வமேரியின் அப்பா உபகாரசாமி அவருடைய கார் டிரைவர். வயதில் மூத்தவர் என்பதால் அவரை 'டிரைவரே' என்றுதான் கூப்பிடுவார்.

அந்தச் சனிக்கிழமை செல்வமேரிக்குப் பள்ளி விடுமுறை. அப்பாவுக்குத் தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு அம்மாபேட்டையிலிருந்து நடந்தே வந்தாள். மண்டிக்குப் பின்னால் இருந்த கார் கொட்டகை வாசலில் கால் வைத்தபோதுதான் அது காதில் விழுந்தது.

"புது டயரை யாருக்கு வித்தே நீ? உண்மையைச் சொல்லு."

முதலாளி கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. "நானுங்களா?" என்றார் அப்பா.

செல்வமேரி கையில் இருந்த போசி சாய்ந்தது. ரசம் சிந்திப் பாவாடையில் பட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அவர்களுக்கு நடுவே அந்தக் கார் நின்றது. சிவப்பு நிறம், இரண்டே இரண்டு இருக்கை, தரையைத் தொட்டுவிடும்போல அத்தனை தாழ்வு. கிளப்பினால் தெருவில் இருக்கிற நாய்கள் எல்லாம் எழுந்து குரைக்கும். அது பந்தயக் கார். அடுத்த மாதம் மெட்ராஸுக்குப் பக்கத்தில் சோழவரத்தில் நடக்கும் பந்தயத்தில் அதை ஓட்டுவதற்காக முதலாளி துடியாய்த் துடித்துக்கொண்டிருந்தார்.

அதற்காகவே கப்பலில் நான்கு புது டயர்களை வரவழைத்தார். அந்தக் காலத்தில் வெளிநாட்டு டயர் கிடைப்பது குதிரைக் கொம்பு. அவற்றை மாட்டிய கையோடு, வியாபார வேலையாக அவர் பம்பாய்க்குக் கிளம்பிவிட்டார். போகும்போது, வண்டியைச் சும்மா நிறுத்தி வைக்க வேண்டாம், தினமும் காலையில் நாமக்கல் ரோட்டில் புதுச்சத்திரம் வரைக்கும் போய்வாருங்கள் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பாவும் ஒருநாள் தவறாமல் போய்வந்தார்.

இன்று காலையில்தான் முதலாளி திரும்பினார். ஆசையாசையாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முதல் திருப்பத்திலேயே கார் வழுக்கியது. பிரேக்கை மிதித்தால் நிற்காமல் சறுக்கிக்கொண்டே போனது. ஒரு மாட்டு வண்டியின்மேல் மோத இருந்து, ஒரு சாண் இடைவெளியில் தப்பினார். கொட்டகைக்குத் திரும்பிக் குனிந்து பார்த்தால், டயர் மொட்டை!

டயரின்மேல் பூப்பூவாகச் செதுக்கியிருக்குமே, அதை லாரிக்காரர்கள் 'பட்டன்' என்பார்கள். அந்தப் பட்டன் நடுவில் சுத்தமாகக் காணோம். தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"ஒரு மாசத்துல புது டயர் இப்பிடித் தேயுமா? யாரோட பழைய டயரையோ மாட்டி வெச்சிருக்கே," என்றார் முதலாளி. "பொழுது சாயறதுக்குள்ள என்னோட டயரு இங்க வந்தாகணும். இல்லீன்னா நான் போலீஸுக்குத்தான் போகணும்."

அவர் விறுவிறுவென்று மண்டிக்குள் போய்விட்டார். அப்பா அங்கே கிடந்த காலி எண்ணெய் டின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

செல்வமேரி அழுகையை அடக்கிக்கொண்டாள். அப்பாவைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனால்? நாளைக்கு மாதா கோயிலில் பூசைக்குப் போகும்போது எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்களே! அம்மா சகாயம்மாளுக்கு இது தெரிந்தால் என்ன ஆவாள்?

"சாப்புடுங்கப்பா," என்றாள். போசியை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"வேண்டாஞ் சாமி. நாமக்கல்லுல இத்தனை வருசம் லாரி ஓட்டுனேன். யாரும் என்னை இப்பிடிக் கேட்டதில்ல." மகளை அவர் செல்லமாகச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். "நான் மாத்தல சாமி. ஆனா டயரு தேஞ்சுதான் இருக்குது. எனக்கு ஒண்ணும் புரியல."

அப்பா பொய் சொல்ல மாட்டார். அது செல்வமேரிக்குத் தெரியும். ஆனால் டயர் மொட்டையாக இருப்பதும் கண்ணெதிரே தெரிகிறது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? மண்டையைப் பிய்த்துக்கொண்டு அவள் வெளியே சந்துக்கு வந்தாள்.

சந்து முழுக்க வெள்ளைவெளேர் என்று இருந்தது. காலையில் ஒரு வண்டியிலிருந்து குச்சிக்கிழங்கு மாவு மூட்டை விழுந்து கிழிந்திருந்தது. ஜவ்வரிசி செய்கிற மாவு. செவ்வாய்ப்பேட்டையில் அது வாரம் ஒருமுறை நடக்கிற கூத்துதான். அந்த மாவின்மேல் அன்று போன வண்டிகள் எல்லாம் தடம் பதித்திருந்தன. ஒரு லாரியின் தடம் அகலமாக, பட்டன் பட்டனாக அழகாக விழுந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் கொட்டகையை நோக்கி இரண்டு கோடுகள் போயின. அது முதலாளியின் கார் திரும்பி வந்த தடம்.

செல்வமேரி அதை உற்றுப் பார்த்தாள்.

அந்தக் கோடு அவள் சடையில் கட்டியிருந்த ரிப்பன் அகலம்தான் இருந்தது. ஆனால் அந்த டயரோ அப்பா கையை விரித்து வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு அகலம். மீதி டயர் எங்கே போயிற்று?

அவள் கொட்டகைக்கு ஓடினாள். காரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டயரைத் தடவிப் பார்த்தாள். நடுவில்தான் மொட்டை. இரண்டு ஓரங்களிலும் பட்டன் ஆழமாக, புத்தம் புதிதாக இருந்தது. அதுமட்டுமா? ஓரத்தில் மெல்லிய ரப்பர் முடிகள் பூனை மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன.

இந்த மீசையை அவளுக்கு நன்றாகத் தெரியும். டயர் வந்த அன்று ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "புது டயருலதான் அது இருக்கும், பிய்க்காதே," என்று அப்பா அவள் கையில் செல்லமாக ஒரு அடி வைத்தார்.

அப்படியானால் இது அதே டயர்! அப்பா மாற்றவே இல்லை!

முதலாளியிடம் சொல்ல ஒரே ஓட்டமாக மண்டியின் வாசல்வரை ஓடினாள். அங்கே சட்டென்று நின்றாள். இதே டயர்தான் என்றால், அதை இப்படித் தேய்த்தது யார்? அந்தக் கேள்வியைத்தானே முதலாளி அடுத்துக் கேட்பார்?

பள்ளிக்கூடத்துப் பந்து அவளுக்கு நினைவு வந்தது. போன மாதம் டிரில் வாத்தியார் உற்சாகத்தில் அதில் கண்டபடி காற்றடித்துவிட்டார். தரையில் வைத்தால் நுனி மட்டும்தான் தரையைத் தொடும். உதைத்ததும் மதிலைத் தாண்டிப் பறந்து பக்கத்து வீட்டுக் கிணற்றில் விழுந்தது. கிணற்றில் இறங்கி எடுத்ததும் வாத்தியார்தான். பிறகு காற்றைக் கொஞ்சம் இறக்கியதும் பந்து பதவிசாகப் பரந்து உட்கார்ந்தது.

செல்வமேரி மெதுவாகத் திரும்பி நடந்தாள். எது எப்படி இருந்தாலும் இதை முதலில் அப்பாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"அப்பா, டயருக்கு எத்தனை காத்து வெச்சீங்க?"

அந்தத் துக்கத்திலும் அப்பாவின் முகத்தில் லேசாகப் பெருமை எட்டிப் பார்த்தது. "அதுல ஒரு குறையும் வெக்கல சாமி. மாட்டுனப்ப டயரு அடியில அமுங்கித் தொளதொளன்னு இருந்துச்சு. லாரியா இருந்தா பாரம் ஏத்துனதும் வெடிச்சே போயிருக்கும். தெனமும் ஒரு உதை உதைச்சுப் பார்த்து, கல்லு மாதிரி ஆகறவரைக்கும் அடிச்சேன். பாவம், சின்ன வண்டின்னு லாரியை விடக் குறைச்சு அம்பது பவுண்டுதான் வெச்சேன்."

செல்வமேரிக்கு விளங்கிவிட்டது. அப்பா திருடவில்லை. ஆனால் டயரைக் கெடுத்தது அப்பாதான்! அதுவும் இத்தனை பாசமாகக் கெடுத்திருக்கிறார்!

"கொஞ்சம் எந்திரிச்சு வாங்கப்பா. ஒண்ணு காட்டறேன்," என்றாள்.

சந்திலிருந்து பாவாடை மடியில் மாவை அள்ளி வந்து முன் சக்கரத்துக்கு முன்னால் தூவினாள். இருவரும் காரை ஒரு முழம் தள்ளினார்கள். மாவில் ரிப்பன் அகலத்துக்கு ஒரு கோடு விழுந்தது. இப்போது அந்தச் சக்கரத்தில் பாதிக் காற்றை இறக்கச் சொன்னாள். புஸ்ஸென்று காற்று போனது. டயர் அடியில் லேசாக அமுங்கியது. சக்கரத்துக்கு முன்னால் மறுபடி மாவைத் தூவிவிட்டு, காரை இன்னும் ஒரு முழம் தள்ளினார்கள்.

இந்த முறை அகலமான தடம் விழுந்தது. ஓரத்துப் பட்டன்கள் இரண்டு பக்கமும் அச்சு வைத்ததுபோல் தெரிந்தன.

அப்பா அந்த இரண்டு தடங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் அப்படி வாய் பிளந்து நின்று செல்வமேரி பார்த்ததே இல்லை.

"நடுவுல புடைச்சுக்கிட்டு நின்னிருக்குது," என்றார் கடைசியில். "மொத்த ரோட்டையும் நடு மட்டும் தேய்ச்சிருக்குது. அட கர்த்தரே, நானே என் கையால…" தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியாதுதானேப்பா," என்றாள் செல்வமேரி. "முதலாளிகிட்ட நான் வேணுமின்னா சொல்லட்டுமா?"

அப்பா தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "வேண்டாஞ் சாமி. நானே சொல்றேன். நீ கூட மட்டும் வா."

மண்டியில் முதலாளி தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். அப்பா அவர் முன்னால் போய் நின்றார்.

"முதலாளி, நான் டயரை விக்கலீங்க. ஆனா அதைக் கெடுத்தது நான்தானுங்க. வந்து பாருங்க."

முதலாளி நம்பாத முகத்தோடுதான் வந்தார். செல்வமேரி ரப்பர் மீசையைக் காட்டினாள். அவர் ஒன்றைப் பிடித்து இழுத்தார். அது விடுவேனா என்றது. மாவில் இருந்த இரண்டு தடங்களையும் அப்பா காட்டினார். ஐம்பது பவுண்டு என்று அவர் சொன்னதும் முதலாளி இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"அம்பதா? இந்த வண்டிக்கு இருபத்தஞ்சுதான் வெக்கணும்!"

"இருபத்தஞ்சுங்களா?" இப்போது அதிர்ந்துபோனது அப்பா. "என்னோட சைக்கிளுக்கே அதை விட அதிகமா வெப்பனுங்களே!"

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவர் டயரையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் மெல்ல மெல்ல மாறியது.

"எத்தனை வெக்கணும்னு நான் உங்களுக்குச் சொல்லவே இல்லையே," என்றார். "லாரி ஓட்டுனவர்கிட்ட வண்டியைக் குடுத்துட்டு, ஒரு வார்த்தை சொல்லாமப் போனது நான். திரும்பி வந்து ஒரு வார்த்தை கேக்காமத் திருடன்னு சொன்னதும் நான். மனசுல வெச்சுக்காதீங்க, டிரைவரே."

'உங்களுக்கு' என்றும் 'டிரைவரே' என்றும் கேட்டதுமே செல்வமேரிக்கு அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது. அப்பா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. முதலாளியோ திரும்பி நின்று, தேவையே இல்லாமல் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

புது டயர் மறுபடி கிடைக்கவில்லை. முன்பு கழற்றிப் போட்ட பழைய டயர்கள் கொட்டகை மூலையில் கிடந்தன. அவற்றை மாட்டி, சரியாக இருபத்தைந்து பவுண்டு காற்று வைத்து, முதலாளியும் அப்பாவும் சோழவரம் போனார்கள். கடைசிக்கு முந்தின ஆளாக வந்தார் முதலாளி. ஆனாலும் ஒரு திருப்பத்தில்கூட வழுக்கவில்லை என்று செவ்வாய்ப்பேட்டை முழுக்கப் பெருமையடித்துக்கொண்டார். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகச் செல்வமேரியைக் கூப்பிட்டு டயரைக் காட்டினார். ஓரமும் நடுவும் ஒன்றுபோலத் தேய்ந்திருந்தன.

மறுநாள் காலை அப்பா காரை எடுக்கப் போனார். பழக்க தோஷம். டயரை உதைக்கக் காலைத் தூக்கிவிட்டார். தூக்கிய பிறகுதான் கொட்டகை வாசலில் போசியோடு நின்ற மகளைப் பார்த்தார். தூக்கிய கால் அந்தரத்தில் அப்படியே நின்றது.

அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "போதுமா சாமி?" என்று கேட்டார்.

"எதுக்கும் கொஞ்சம் மாவு போட்டுப் பாத்துரலாம்ப்பா," என்றாள் செல்வமேரி.